சுவருக்கு அந்தப்பக்கத்து மீன்கள்

மலைமேல் அட்டுவம்பட்டியில் நாங்கள் இருப்பது நடுச்சுவர் பொதுவான இரட்டை வீட்டில். இந்தப் பக்கம் நானும் என் கணவரும். அந்தப் பக்கம், ஓட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் முப்பது வருஷம் நின்று ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். தெருவில் எல்லோரும் அவரை சார் என்பதால் நாங்களும் அப்படித்தான் சொல்வோம். தனி ஆள். மனைவி எப்போதோ பிரிந்து போய்விட்டதாகக் கேள்வி. அவரோடு நாங்கள் மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம். காரணம் தண்ணீர்.

சண்டை வந்த வருஷக் கோடையில் குழாயில் சொட்டு வருவதும் நின்றுபோயிருந்தது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் பள்ளிக்கூட விடுதியில் சமையற்கட்டு வேலை பார்க்கிறேன். அங்கிருந்து இரண்டு கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டுதான் தினமும் வீட்டுக்கு வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து திரும்பும்போது, அவர் சன்னலிலிருந்து தொங்கிய பச்சைக் குழாய் வழியாகச் சாக்கடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மீன் தொட்டித் தண்ணீரை மாற்றுகிறார். வாராவாரம் ஐந்தாறு வாளி. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, தெருவில் நின்றே கத்தினேன். கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"உங்க மீனெல்லாம் செத்தாத்தான் சார் இந்தத் தெருவுக்குத் தண்ணி கெடைக்கும்."

அவர் குழாயை உள்ளே இழுத்துக்கொண்டு சன்னலைச் சாத்தினார். அதன் பிறகு எதிரெதிரே வந்தாலும் பார்வையைத் திருப்பிக்கொண்டோம்.

போன வருஷம் புரட்டாசியில் ஒருநாள், நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவரே எங்கள் வாசலில் வந்து நின்றார். கழுத்தில் மப்ளர். முகம் ஒடுங்கி, சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. குரல் கரகரப்பாக, பாதிதான் வெளியே வந்தது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள், பத்து நாள் ஆகலாம், அதுவரை மீன்களைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். திண்டுக்கல்லில் தம்பி குடும்பம் இருக்கிறது, ஆனால் அவர்களால் இதற்காக மலையேறி வர முடியாது என்றார். பின்னால் நின்ற என் கணவர் வேண்டாம் என்று என் முதுகில் விரலால் தட்டினார். சார் கையில் சாவியை ஏற்கெனவே நீட்டி வைத்திருந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சார் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டியபோதுதான் அந்த வீட்டுக்குள் முதல்முறையாகக் கால் வைத்தேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு கேஸ் அடுப்பு. அவ்வளவுதான் சாமான். முன்னறையில் நான்கடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. உள்ளே தொட்டியின் மேல்மட்டம்வரை அடுக்கிய பாறைகள், சந்துபொந்துகள். அந்த அறை வெதுவெதுப்பாக இருந்ததுதான் எனக்கு முதலில் உறைத்தது. எங்கள் வீட்டில் அந்த மாதத்தில் சுவரெல்லாம் ஈரம் பூத்துக் கிடக்கும்.

ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பெரிய ஏரியில் இருக்கிற மீன் வகையாம். சிக்லிட் என்றார். ஒன்பது இருந்தன. எட்டு, மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்டவை. ஒன்று மட்டும் உடம்பெல்லாம் கருகருவென்று, முதுகோரம் வெளிறிய ஒரு கோடு. அதுதான் ஆண், மஞ்சளெல்லாம் பெண் என்றார். ஆணை அவர் பெரியவன் என்பார். தொட்டி முழுவதும் தன்னுடையது என்பதுபோல் அது ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. யாராவது குறுக்கே வந்தால் ஒரே பாய்ச்சல். பின்மூலையில் சாய்த்து வைத்த உடைந்த பூந்தொட்டிக்குள் ஒரு மஞ்சள் மீன் மூக்கை மட்டும் நீட்டியபடி இருந்தது. அது வெளியே வருவதே இல்லை என்றார். அதற்கு நானாகப் பதுங்கி என்று பேர் வைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். நம் மலைத் தண்ணீர் இவற்றுக்கு ஆகாது, சிப்பி ஓடு போட்ட பையை வடிகட்டியிலிருந்து எடுக்கக் கூடாது, புதுத் தண்ணீரில் இத்தனை ஸ்பூன் ஆப்பச் சோடா. தண்ணீரை வெதுவெதுப்பாக்கித்தான் ஊற்ற வேண்டும். தீனியை இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் தூவ வேண்டும், பெரியவன் ஒரு பக்கம் விரட்டப் போகும்போது மற்றதெல்லாம் மறுபக்கம் தின்றுகொள்ளும். ரொம்பவும் அடித்தால் பெரியவனைப் பிடித்துத் துளை போட்ட கூடைக்குள் வைத்து அதே தொட்டியில் தொங்கவிட வேண்டும். மூன்று நாள். அதற்கு மேல் கூடாது. திரும்ப விடும்போது பாறைகளைக் கலைத்து மாற்றி அடுக்கிவிட்டுத்தான் விட வேண்டும், அப்போதுதான் எல்லாம் புது இடம் என்று நினைத்துக் கொஞ்சநாள் சண்டையை மறக்கும். இதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. சொல்லி முடித்ததும் தண்ணீர் மாற்றுவதைப் பற்றித் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"லாரி வரலைன்னா மாத்த வேண்டாம்மா. இருக்கிற தண்ணிலயே இருக்கட்டும்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மழைக்காலம்தானே சார், தண்ணிக்குப் பஞ்சமில்லை என்று ஏதோ சொல்லி வைத்தேன்.

பத்து நாள் என்றது ஒரு மாதத்தையும் தாண்டிப் போயிற்று. தொண்டையில் கட்டி. கழுத்தில் கரண்டு வைக்கிறார்கள், கதிர்வீச்சு சிகிச்சை என்று போனில் சொன்னார். இரண்டு நாளைக்கு ஒருமுறை கூப்பிடுவார். நான் உடம்பைக் கேட்டால் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு மீனைக் கேட்பார். நான் வைத்த பேரையே சொல்லி, பதுங்கி தின்கிறதா, பெரியவன் என்ன செய்கிறான், கண்ணாடியில் பாசி வந்திருக்கிறதா. நான் விவரமாகச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். போகப்போக அவர் குரல் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் செய்தி எழுதி அனுப்பத் தொடங்கினார்.

நான் விடுதியிலிருந்து இரண்டு மணிக்கு வருவேன். சாப்பிட்டுவிட்டு நேராக அந்த வீட்டுக்குப் போய்விடுவேன். வெளியே மூடுபனி இறங்கி எதிர்வீடு தெரியாது. உள்ளே விளக்கும் மீனும் வெதுவெதுப்பும். அவருடைய ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அந்தப் பக்கமே உனக்குச் சோலியாப் போச்சு என்று என் கணவர் குறைப்பட்டார். அவர் சொன்னது சரிதான். என்னவோ, ஐப்பசியில் அந்த அறையை விட்டு எழுந்து வர மனம் வராது.

உட்கார்ந்து பார்க்கப் பார்க்க எனக்குப் பெரியவன்மேல் வெறுப்பு வளர்ந்தது. மற்றதையெல்லாம் ஒரு தட்டுத் தட்டி விரட்டிவிட்டுப் போய்விடும். பதுங்கியை மட்டும் அப்படி விடாது. பூந்தொட்டி வாசலிலேயே போய் நிற்கும். பதுங்கி அசைந்தால் உள்ளே புகுந்து கடிக்கும். ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தபோது பதுங்கி வெப்பமூட்டும் குழலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, மேல்தண்ணீரில் செங்குத்தாக நின்றது. வால் கந்தலாகிக் கிடந்தது. பக்கவாட்டில் செதில் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

நான் கையைவிட்டுப் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அரை மணி நேரம் தண்ணீரைக் கலக்கி, சேலையெல்லாம் நனைந்து, ஒரு வழியாகப் பெரியவனை வலையில் பிடித்துக் கூடைக்குள் போட்டு மூடினேன். அது கூடைத் துளைகளில் முட்டி முட்டி நின்றது. எனக்கு நிறைவாக இருந்தது. அதை மறைத்துச் சொல்வதற்கில்லை.

இரண்டாம் நாளே பதுங்கி பூந்தொட்டியை விட்டுப் பாதி உடம்பை வெளியே கொண்டுவந்தது. மூன்றாம் நாள் மற்ற மீன்களோடு சேர்ந்து தீனி தின்றது. அன்றுதான் பெரியவனைத் திரும்ப விட வேண்டும். நான் விடவில்லை. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. பதுங்கி தொட்டியின் குறுக்கும் நெடுக்கும் நீந்தியது. வால்கூட வளர ஆரம்பித்தது. அதைப் படம் எடுத்து சாருக்கு அனுப்பினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். காற்றுதான் வந்தது, குரல் இல்லை. காதோடு அழுத்தி வைத்துக் கேட்டேன்.

"பெரியவன வெரசா வெளிய விடுங்கம்மா. பதுங்கி கறுக்குது. இது பொட்டை இல்ல."

போனை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மஞ்சளாகத்தான் இருந்தது. வயிற்றோரம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். நோயாளி, மருந்து மயக்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சரி சார் என்று பதில் எழுதினேன். பெரியவனை விடவில்லை.

அடுத்த நான்கைந்து நாளில் என் கண்முன்னாலேயே அது மாறியது. வயிறு புகை படிந்தது மாதிரி ஆயிற்று, பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு. உடம்பிலிருந்த கறுப்புக் கோடு தலைகீழாக மாறி வெளிறிற்று. இத்தனை நாளும் அது ஆண்தான். பெரியவன் இருந்தவரை பெண்ணின் நிறத்தில் ஒடுங்கி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பெரியவனுக்கு அது தெரிந்திருக்கிறது, அதனால்தான் அதை மட்டும் விடாமல் அடித்தது. எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகை மாதத் தொடக்கத்தில் இரண்டு மஞ்சள் மீன்கள் ஒரே நாளில் செத்துக் கிடந்தன. ஒன்றுக்குக் கண் இல்லை. பதற்றத்தில் அன்றே கூடையைத் திறந்து பெரியவனை விட்டேன். பாறைகளை மாற்றி அடுக்க வேண்டும் என்பதுகூட அந்த நேரத்தில் மறந்துபோனது. பன்னிரண்டு நாள் என்றது அதற்குள் மூன்று வாரமாகியிருந்தது. அது மெலிந்து, நிறம் வெளுத்து, நீந்தவே தடுமாறியது. பதுங்கி பூந்தொட்டிக்குள்ளிருந்து வரவில்லை, தொட்டியின் நடுவிலிருந்து நேராக வந்தது. நான் வலையைத் தேடி எடுப்பதற்குள் பெரியவன் அடிபட்டு ஒரு மூலையில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. மறுநாள் வெள்ளனே போனேன். தரையோடு கிடந்தது. கையில் எடுத்தபோது அது இவ்வளவு சின்ன மீனா என்றிருந்தது. என் உள்ளங்கை நீளம்கூட இல்லை.

பின்பக்கம் கொய்யா மரத்தடியில் புதைத்தேன். குழி தோண்டும்போதுதான் மூன்று வருஷத்துக்கு முன்னால் தெருவில் நின்று நான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. 

அன்று சார் எழுதிக் கேட்டார், பெரியவனை விட்டாயிற்றா என்று. விட்டாயிற்று, நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். படம் கேட்டார். முதல் வாரம் எடுத்திருந்த படம் ஒன்று போனில் இருந்தது. பெரியவன் பாறைமேல் நிமிர்ந்து நிற்கிற படம். அதை அனுப்பினேன். கை கூப்பிய பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு பழைய படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏன் இப்படிச் செய்கிறாய், சொல்லித் தொலைத்துவிடு என்று என் கணவர் சொன்னார். நோயில் கிடக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். உண்மையில் நான் பயந்தது வேறொன்றுக்கு. பழைய கோபத்தில் வேண்டுமென்றே செய்தேன் என்று சார் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் சார் திரும்பி வந்தார். வருவதாகச் சொல்லவில்லை. தம்பி காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் பெருமாள்மலையைக் கடக்க வேண்டும் என்று உடனே கிளம்பிவிட்டார். சாரின் மூக்கில் ஒரு மெல்லிய குழாய் செருகிக் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கழுத்துத் தோல் வெந்து கறுத்திருந்தது. பேச்சு சுத்தமாக நின்றுபோயிருந்தது. நான் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு போனபோது அவர் தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் இருந்தார். மடியில் கோடு போட்ட நோட்டு. என்னைப் பார்த்ததும் எழுதிக் காட்டினார்.

எத்தனை?

ஐந்து என்றேன். இடையில் இன்னொன்றும் போயிருந்தது.

பெரியவன்?

இல்லை என்று தலையை ஆட்டினேன். எப்போது என்று எழுதினார். கார்த்திகையில் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்து நான் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எத்தனை முறை அவர் அந்தப் படங்களைப் பார்த்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொட்டி விளக்கை அணைத்தார். நான் சுடுதண்ணீரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. போனேன். நோட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

மூணு நாள்னுதானே சொன்னேன்.

"எனக்கு அதைக் கண்டாலே ஆகல சார். அதான் விடல. ஆனா சாகட்டும்னு வேணும்னு செய்யல. சத்தியமா அப்படிச் செய்யல."

அவர் கையை லேசாக அசைத்தார். போகட்டும் என்றும் எடுத்துக்கொள்ளலாம், போதும் நிறுத்து என்றும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எழுதவே இல்லை. நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பாறைகளை மாற்றி அடுக்கப் போகிறார் என்று புரிந்தது. அவரால் கல்லைத் தூக்க முடியவில்லை. விரலால் காட்டுவார், நான் எடுத்து வைப்பேன். நேராகப் பார்வை போகாதபடி தொட்டியின் நடுவே ஒரு கல்மறைப்பு, நான்கு மஞ்சள் மீன்களுக்கும் நான்கு தனித்தனிச் சந்து. மத்தியானம்வரை ஆயிற்று. மீன் குறைந்ததால்தான் ஆபத்து அதிகம் என்று எழுதினார். கூட்டமாக இருந்தால் அடி பங்கு போகும், நான்குதான் என்றால் ஒன்றே முழுவதையும் வாங்கும். இன்னும் பத்து மீன் வாங்கி விட வேண்டும் என்று எழுதிவிட்டு, அந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார்.

தை மாதம் முழுவதும் வாராவாரம் நான் தண்ணீர் மாற்றினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக்கொள்ள உதவி கேட்டதே இல்லை. நான் போவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு முடித்துவிடுவார். ஒருநாள் அவர் கதவைச் சாத்த மறந்து, நான் உள்ளே போய்விட்டேன். புனலைத் தலைக்கு மேலே பிடித்தபடி, கஞ்சியை ஊற்ற முடியாமல் நின்றார். நான் புனலை வாங்கிப் பிடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அதையும் நானே செய்தேன்.

மாசியில் ரத்த வாந்தி எடுத்தார். என் கணவர்தான் தன் டாக்சியில் மதுரைக்குக் கொண்டுபோனார். வட்டக்கானலில் சவாரி ஒன்றை விட்டுவிட்டு வந்தார், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல். மூன்றாம் நாள் தம்பி போன் செய்தார். அடக்கம் திண்டுக்கல்லிலேயே முடிந்துவிட்டது. நாங்கள் போக முடியவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தம்பி வீட்டைக் காலி செய்ய வந்தார். கட்டிலையும் அடுப்பையும் வண்டியில் ஏற்றினார். மீனை என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். அதற்குள் நான்குதான் மிச்சம், மூன்று மஞ்சளும் கறுத்த பதுங்கியும். வீட்டுக்காரர் ஆள் வைத்து அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க நின்றுகொண்டிருந்தார். நானும் என் கணவரும் மூடி போட்ட பெயிண்ட் வாளிகள் இரண்டில் மீன்களை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கினோம். பதுங்கிக்குத் தனி வாளி. கீழே போகப்போக வெயில் ஏறியது, குளிருக்காக வாளிகளைச் சுற்றியிருந்த போர்வையை நான் எடுத்தேன்.

வண்ணமீன் கடைக்காரர் மஞ்சள் மூன்றையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். இரண்டாவது வாளியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இது வேணாங்கக்கா. இத எதோட விட்டாலும் கொன்னுரும். தனியா வச்சுக்கிட்டீங்கன்னா பத்து வருசம்கூட கெடக்கும்."

திரும்பும் வழியில் ஒரு பாலத்தில் என் கணவர் வண்டியை நிறுத்தினார். கீழே ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாளியையும் என்னையும் பார்த்தார். அங்கே இருக்கிற மீன் என்ன பாவம் செய்தது என்றேன். அவர் வண்டியை எடுத்தார். மேலே வந்ததும் பனி இறங்கியிருந்தது. வாளியை மடியில் வைத்து, ஸ்வெட்டரைக் கழற்றிச் சுற்றிக்கொண்டேன்.

தொட்டியை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. பதுங்கி நான்கு நாள் எதுவும் தின்னவில்லை. ஐந்தாம் நாள் தின்றது. இப்போது தொட்டி முழுவதும் அதற்குத்தான், ஆனாலும் பெரும்பாலும் ஒரு மூலையிலேயே நிற்கிறது. சண்டை போட ஆள் இல்லாததாலோ என்னவோ, அந்தக் கறுப்பும் அவ்வளவு கறுப்பாக இல்லை. போன வாரம் என் கணவர் அதற்கு எத்தனை வயது இருக்கும் என்று கேட்டார். நான் சாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.